7 வருஷ வரிவிலக்கை நம்பி பர்மாவில், பெகுவில் தையல் பாக்டரி போடலாமா?

மோல்மீன்_மருமகன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் முதல் கேள்வி.

திருப்பூர்ல இருந்து என் மச்சான் வந்து யாங்கோன்ல எங்க வீட்டுலதான் தங்கியிருக்கார். பனியன் ஜாப் ஒர்க், 40 மிஷின். கையோட வழவழன்னு ஒரு புத்தகம் கொண்டாந்திருக்கார். அதுல ஒரே ஒரு வரிக்கு மஞ்சள் மையால கோடு: முதலீடு பண்ணினா 7 வருஷம் வருமான வரி கிடையாது. பெகுவுல எங்கம்மா பேர்ல ஒரு பழைய அரிசிக் கிடங்கு பூட்டியே கிடக்கு. 60 மிஷின் போடலாம், திருப்பூர் துணியைக் கொண்டாந்து இங்க தைச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பலாம்ங்கறார். இந்தியாவுல இருந்து போற பனியனுக்கு அங்க வரி உண்டு, பர்மாவுல இருந்து போனா சுழியாம்.

அவர் வெள்ளிக்கிழமை திரும்பிப் போறார். அதுக்குள்ள நான் சரின்னோ வேணாம்னோ சொல்லணும். 7 வருஷம்ங்கறது நிஜமா? பெகு நல்லதா, யாங்கோன் பக்கத்துல இருக்கிற திலாவா சிறப்புப் பொருளாதார மண்டலம் நல்லதா?

கணக்குப்பிள்ளை

தம்பி, 7 வருஷம் நிஜம். எல்லாருக்கும் இல்லை.

2016 அக்டோபர்ல வந்த முதலீட்டுச் சட்டம் நாட்டை மூணு வட்டமாப் பிரிச்சிருக்கு. பின்தங்கிய பகுதிக்கு 7 வருஷம், நடுத்தரத்துக்கு 5, வளர்ந்த பகுதிக்கு 3. அதுவும் அரசாங்கம் ஊக்குவிக்கிற தொழில் பட்டியல்ல உன் தொழில் இருந்தாத்தான். டவுன்ஷிப் வாரியா எது எந்த வட்டம்னு 2017ல பட்டியல் வந்தது. யாங்கோன்ல பெரும்பாலும் 3 வருஷம்தான். பெகு கிடங்கு எந்த டவுன்ஷிப்ல வருதுன்னு முதல்ல அதைப் பார். கரண்டும் ரோடும் இல்லாத ஊருக்கு 7, இருக்கிற ஊருக்கு 3. லாபம் வராத இடத்துல வரியை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வராது?

திலாவாவுக்குத் தனிச் சட்டம், 2014ஆம் வருஷத்துது. ஏற்றுமதி மண்டலத்துக்கு 7, உள்நாட்டு மண்டலத்துக்கு 5, அதுக்கப்புறம் 5 வருஷம் பாதி வரி. அங்க தனி மின்நிலையம் இருக்கு. ஆனா ஜப்பான்காரன் கட்டின பேட்டை, வாடகையும் ஜப்பான் வாடகை. 60 மிஷினுக்கு அது யானைக்குக் கட்டின தொழுவம்.

முகல்தெரு

1964ல எனக்கு ஒன்பது வயசு. எங்கப்பா ஜவுளிக்கடை முகல் தெருவுல. அரசாங்கம் கடைகளை நாட்டுடைமை ஆக்கினப்ப ஒருநாள் காலையில அவங்க ஆளுங்க நாலு பேர் வந்தாங்க. பீஸ் பீஸா எடுத்து முழம் போட்டாங்க, கத்தரிக்கோலைக்கூட எண்ணி நோட்டுல எழுதினாங்க. சாயங்காலம் வாசல்ல மக்கள் கடைன்னு நம்பர் போட்டு ஒரு போர்டு. வீட்டுல ஒளிச்சு வச்சிருந்த பணமாவது மிஞ்சும்னு பார்த்தா, அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. சித்தப்பா குடும்பம் கப்பல் ஏறிடுச்சு, நாங்க தங்கிட்டோம்.

வரி இல்லைன்னு எழுதித் தர்ற கைதான் கடையே உனக்கு இல்லைன்னும் எழுதும். அவ்வளவுதான் சொல்லுவேன்.

கணக்குப்பிள்ளை

ஐயா சொல்றதை மறுக்க எனக்கு வயசு பத்தாது. இப்ப இருக்கிற சட்டத்துல, பொதுநலன் காரணமில்லாம, நியாயமான நஷ்டஈடு தராம எடுத்துக்கமாட்டோம்னு தெளிவா இருக்கு. ஆனா அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்?

யாவுங் சி ஊன்னு சிங்கப்பூர் கம்பெனி. இங்க பீர் ஆலையில பணம் போட்டது. தகராறு வந்து ஆசியான் முதலீட்டு ஒப்பந்தப்படி நடுவர் மன்றத்துக்குப் போச்சு. 2003ல தீர்ப்பு. ஆலையை யார் எப்படி எடுத்தாங்கங்கற விஷயத்துக்குள்ளேயே மன்றம் போகலை. அந்த ஒப்பந்தத்தின் கீழ இந்த முதலீட்டை அரசாங்கம் எழுத்துல அங்கீகரிச்ச சான்று இல்லை, அதனால எங்களுக்கு விசாரிக்கவே அதிகாரம் இல்லைன்னு முடிச்சுட்டாங்க. ஒரு கடுதாசி இல்லாததால வழக்கே நிக்கலை. உன் மச்சான் புத்தகத்துல மை தடவறதை விட்டுட்டு எழுத்துல என்ன கிடைக்கும்னு கேக்கட்டும்.

சட்டம்_பேசுறவன்

மன்னிக்கணும், இங்க யாருமே அடிப்படையைப் பேசலை. ஏற்றுமதி பண்ணினா வரிச்சலுகைங்கறதே உலக வர்த்தக நிறுவன விதிக்கு விரோதம். தடை செய்யப்பட்ட மானியம். இந்தியா இதே விஷயத்துல அமெரிக்காகிட்ட 2019ல தோத்துச்சு. அதனாலதான் மெய்ஸ்ங்கற ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தை எடுத்துட்டு, கட்டின வரியைத் திருப்பித் தர்ற ரோட்டெப் திட்டத்தை 2021 ஜனவரியில கொண்டாந்தாங்க. பர்மா 1995ல இருந்தே உறுப்பினர். நாளைக்கே வழக்கு வந்தா இந்தச் சலுகை எல்லாம் காலி.

சிரியம்_அக்கா

தம்பி, பாதி சரி, பாதி தப்பு. 19 வருஷமா கிளியரிங் ஆபீஸ்ல இருக்கேன், இந்தப் பாடம் கஸ்டமருக்குச் சொல்லியே நாக்கு தேஞ்சுபோச்சு.

மானிய ஒப்பந்தத்துல ரெண்டு வகை தடை. ஒண்ணு, ஏற்றுமதி பண்ணினாத்தான் தருவேன்ங்கறது. ரெண்டாவது, உள்நாட்டுச் சாமான் வாங்கினாத்தான் தருவேன்ங்கறது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு முதல் தடையில இருந்து விலக்கு இருக்கு. பர்மா 1987ல இருந்து ஐ.நா.வோட அந்தப் பட்டியல்ல. அதனால நம்ம அரசாங்கம் ஏற்றுமதிக்குச் சலுகை தந்தா விதிமீறல் இல்லை. ரெண்டாவது வகைக்கு 8 வருஷம்தான் விலக்கு, அது 2003லயே முடிஞ்சுது. நூலை இங்கயே வாங்கு, வரியைக் குறைக்கறேன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது.

இந்தியாவுக்கு ஏன் அடி விழுந்துச்சு? அவங்களுக்கும் வேற ஒரு வகையில இதே விலக்கு இருந்துச்சு, தலைக்கு வருமானம் 1000 டாலரைத் தொடர்ந்து மூணு வருஷம் தாண்டினதும் போச்சு. தாண்டினப்புறமும் 8 வருஷம் அவகாசம் உண்டுன்னு வாதாடிப் பார்த்தாங்க, எடுபடலை. மேல்முறையீடு போட்டாங்க, கேக்கறதுக்கு ஆள் இல்லை. ஜெனீவாவுல மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பர்ல இருந்து முடங்கிக் கிடக்கு.

அப்புறம் கட்டின வரியைத் திருப்பித் தர்றது மானியமே இல்லை. துணிக்குக் கட்டின சுங்கத்தை ஏற்றுமதி ஆனதும் திருப்பித் தரலாம். கட்டினதுக்கு மேல ஒரு பைசா தந்தா அந்தப் பைசா மானியம். ரோட்டெப்பை அந்தக் கோட்டுக்குள்ள நிக்க வைக்கத்தான் பார்க்கறாங்க.

இப்ப மருமகன் தம்பிக்கு. வரியை விடு, கதவைப் பார். ஐரோப்பா நமக்கு ஆயுதம் தவிர எல்லாத்துக்கும் சுழி வரி தருது. 1997ல கட்டாய வேலை விவகாரத்துல அப்ப இருந்த வரிச்சலுகையைப் பிடுங்கினாங்க, 2013 ஜூலையில திருப்பித் தந்தாங்க. அதுல முக்கியமானது, சரக்கு எந்த நாட்டுதுன்னு முடிவு பண்ற தோற்ற விதி. பின்தங்கிய நாட்டுக்குத் துணி எங்க நெய்ததுன்னு கேக்கமாட்டாங்க. வெட்டித் தைச்சது இங்கன்னா இந்த நாட்டுச் சரக்கு. 2011ல இருந்து இப்படி. அதனாலதான் சீனத்துத் துணி யாங்கோன்ல லைங்தாயா தொழிற்பேட்டையில சட்டையாகி சுழி வரியில போகுது. உங்க மச்சான் துணி திருப்பூர்ல இருந்து வந்தாலும் அதே கதைதான்.

எங்க டேபிள்ல வர்ற கட்டு எப்படி இருக்கும்னு சொல்றேன். மேல ஒரு இன்வாய்ஸ், சீனாவுல இருந்து துணி, பட்டன், ஜிப், லேபிள். விலை போட்டிருக்கும், ஆனா பாக்டரிக்காரர் ஒரு காசு கட்டலை, எல்லாம் வாங்கறவனோடது. அதுக்குக் கீழ ஏற்றுமதி இன்வாய்ஸ். அதுல பாக்டரிக்குச் சேரவேண்டியது ஒரே வரி, வெட்டு-தையல்-பேக்கிங் கூலி. சில சமயம் லேபிள்லயே ஐரோப்பாக் கடை விலை அச்சாகி வந்திருக்கும். அந்த விலையையும் கூலியையும் பக்கத்துல பக்கத்துல பார்க்கற பொண்ணுங்க சிரிச்சுக்குவாங்க.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதை நம்பரா வச்சுப் பார்ப்போம். நம்பர் என் கற்பனை, விகிதம் மட்டும் நிஜம்.

கப்பல் ஏறும்போது சட்டை 6 டாலர். உனக்குக் கூலி 1 டாலர். சம்பளம், டீசல், வாடகை, ஊசி நூல் எல்லாம் போக 4 சென்ட் நிக்குதுன்னு வை. இங்க கம்பெனி வரி 22 சதவீதம். 4 சென்ட்ல 22 சதவீதம்னா ஒரு சென்டுக்கும் கீழ. 7 வருஷ விலக்கு உனக்குத் தர்றது அதுதான்.

ஐரோப்பாவுல சலுகை இல்லாத நாட்டுத் துணிமணிக்கு வரி பெரும்பாலும் 12 சதவீதம். 6 டாலர்ல 72 சென்ட். அது உன் பாக்கெட்டுக்கு வராது, வாங்கறவனுக்கு மிச்சம். ஆனா ஆர்டர் உன் வாசலுக்கு வர்றதே அந்த 72 சென்டுக்காகத்தான்.

ஒரு சென்டைத் தர்றவர் நம்ம தலைநகர் நேப்பிடோவுல இருக்கார். 72ஐத் தர்றவர் ஐரோப்பிய ஒன்றியம் இருக்கிற பிரஸ்ஸல்ஸ்ல. மச்சான் கோடு போட்டது எதுக்குன்னு பார்த்துக்க.

முதல் ரெண்டு வருஷம் நஷ்டம்னா விலக்கு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். லாபம் இருந்தாத்தானே வரி. சட்டத்துல எனக்குப் பிடிச்சது வேற: கட்டுமானக் காலத்துல மிஷின் இறக்குமதிக்குச் சுங்க விலக்கு. அது கையில வர்ற காசு.

பேயின்னாவுங்_மண்டி

தையல் தெரியாது. கதவு மூடினா எப்படி இருக்கும்னு தெரியும், அதைச் சொல்றேன்.

எங்க மண்டியில காலை எட்டு மணிக்குத் தகரத்தட்டுல சாம்பிள் வைப்போம். உளுந்து ஒரு தட்டு, துவரை ஒரு தட்டு. புரோக்கர் வந்து கையில அள்ளி, ஊதி, பல்லுல கடிச்சுப் பார்ப்பார். 2017 ஆகஸ்ட். துவரைத் தட்டு முன்னாடி நாலு பேர் நிக்கறாங்க, டீ வந்திருக்கு. சென்னையில இருந்து எங்க பெரியப்பா மகன் போன்: "அண்ணே, துவரைக்குக் கோட்டா போட்டுட்டான், எல்லா நாட்டுக்கும் சேர்த்து 2 லட்சம் டன்தான்." நாலு பேரும் கையில இருந்ததைத் தட்டுலயே திரும்பப் போட்டாங்க. டீயைக்கூடக் குடிக்கலை. ரெண்டு வாரத்துல உளுந்துக்கும் பயறுக்கும் 3 லட்சம் டன்னு அடுத்த அடி.

பின்தங்கிய நாடுங்கறதால நமக்கு வரி சுழி, அது அப்படியேதான் இருந்துச்சு. கதவு மூடினப்புறம் சுழி வரியை வச்சு என்ன பண்ண? துவரையை பர்மாக்காரங்க சாப்பிடறதும் இல்லை. இந்தியாவை நம்பி விதைச்சது. மக்வே பக்கம் சம்சாரி அடுத்த வருஷம் எள்ளுக்குப் போயிட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியுமா?

கோட்டா வைக்கறது காட்ங்கற உலக வர்த்தக ஒப்பந்தத்தோட 11ஆம் பிரிவுக்கு விரோதம்னு சட்டம் பேசுறவன் தம்பி சொல்லலாம். சரி, யார் போய் வழக்குப் போடுறது? பர்மாவா, இந்தியா மேலயா? 2021 மே மாசம் அவங்க ஊர்ல பருப்பு விலை ஏறினதும் அவங்களாவே திறந்தாங்க. ஜூன்ல ஒப்பந்தமும் போட்டாங்க, வருஷம் உளுந்து 2.5 லட்சம் டன், துவரை 1 லட்சம், அஞ்சு வருஷத்துக்கு. நாங்க கேட்டதால திறக்கலை, சாம்பார் காரணம்.

இன்னொண்ணு. டாலர் வந்தா அது முழுசா உன்னுது இல்லை. 2022 ஆகஸ்ட்ல ஏற்றுமதி டாலர்ல 65 சதவீதத்தை 2100 கியாட்டுக்கு மாத்திடணும்னாங்க. அப்புறம் குறைச்சுக்கிட்டே வந்து 2023 டிசம்பர்ல 35. வெளியில விலை ரெண்டு மடங்குக்கு மேல போனப்பவும் அவங்க கணக்கு 2100தான். கணக்குப்பிள்ளை அண்ணே, இதுக்குப் பேர் வரி இல்லையா? எந்தப் புத்தகத்துல மஞ்சள் கோடு போடுவாங்க இதுக்கு?

கணக்குப்பிள்ளை

பேர் வரி இல்லை அண்ணே. வலி வரிதான்.

சைகோன்_தம்பி

பிறந்தது பர்மாவுல தாட்டன், இப்ப வியட்நாம்ல பின் துவோங்ல ஒரு தைவான் கம்பெனி ஷூ பாக்டரியில ஸ்டோர்ஸ் பார்க்கறேன். ஒரு ஒப்பீடு.

இங்கயும் எல்லாம் அரசாங்கக் கடையா இருந்து 1986க்கு அப்புறம் திறந்த நாடுதான். 1987லயே வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் வந்துடுச்சு. முதல்ல இங்கயும் ஏற்றுமதி பண்ணினா வரி குறைப்பு. 2007 ஜனவரியில உலக வர்த்தக நிறுவனத்துல சேர்ந்தப்ப அதை விடச் சொன்னாங்க. ஜவுளிக்கு உடனே நிறுத்தம், ஏற்கெனவே ஏற்றுமதிச் சலுகையோட வந்த மத்த முதலீட்டுக்கு 5 வருஷ அவகாசம். பர்மா காட் காலத்துலயே உள்ள இருந்த நாடு. வியட்நாம் வரிசையில நின்னு வாசல்ல சாமானை இறக்கி வச்சுட்டுத்தான் உள்ள போச்சு.

ஆனா சலுகையை நிறுத்தலை, பேரை மாத்தினாங்க. ஏற்றுமதிக்குன்னு தரலை, இந்த மாவட்டத்துக்கு, இந்தத் தொழில்நுட்பத்துக்குன்னு தந்தாங்க. அது தடைப்பட்டியல்ல வராது. பெரிய மீனுக்கு 4 வருஷம் சுழி, அடுத்த 9 வருஷம் பாதி. இப்ப அதுக்கும் வேட்டு: வருஷம் 75 கோடி யூரோவுக்கு மேல வியாபாரம் பண்ற குழுமத்துக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரின்னு 2024ல இருந்து இங்கயும் சட்டம். இல்லாட்டி இங்க விட்டுக்கொடுத்த வரியை அவன் சொந்த நாட்டுக்காரன் வசூல் பண்ணிக்குவான். உங்க மச்சானுக்கு அந்தக் கவலை இல்லை, 40 மிஷின்!

ஐரோப்பாவோட வியட்நாம் போட்ட ஒப்பந்தம் 2020 ஆகஸ்ட்ல நடைமுறைக்கு வந்துச்சு. ஆனா அதுல துணி நெய்யறதும் இங்கயே நடக்கணும், சில விதிவிலக்கு தவிர. வெறும் தையல் பத்தாது. நம்ம ஊருக்கு இருக்கிற சலுகை அந்த இடத்துல இதைவிட லேசு. அதைத்தான் சீனாக்காரங்க மோப்பம் பிடிச்சாங்க.

லைன்லீடர்_மக

எல்லாரும் சென்ட் கணக்கு போடுறீங்க. நானும் ஒண்ணு போடுறேன்.

எங்கம்மா லைங்தாயாவுல ஜாக்கெட் தைச்சவங்க. 2003ல அமெரிக்கா பர்மாச் சரக்கு இறக்குமதிக்குத் தடை போட்டதும் பாக்டரி மூடிட்டாங்க. கடைசி நாள் வெட்டி வச்ச ஜாக்கெட் கைத்துணி மட்டும் கட்டுக்கட்டா கிடந்துச்சாம், உடம்பு வரவே இல்லை. ஒரு கட்டை அம்மா வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாங்க. எங்க வீட்டுத் தலையணை உறை எல்லாம் கடுநீல நைலான். மழைக்காலத்துல கன்னம் ஒட்டிக்கும்.

தடை போட்டவங்க எங்க நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க. 2021 ராணுவ ஆட்சிக்கு அப்புறம் பெரிய பெரிய பேர்கள், இண்டிடெக்ஸ், எச் அண்ட் எம் எல்லாம், போறோம்னு 2023ல சொன்னப்பவும் காரணம் அதேதான். நான் அவங்க பக்கமும் இல்லை, இருக்கச் சொல்றவங்க பக்கமும் இல்லை. 2015ல முதல் குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 3600 கியாட், 2018ல 4800. அதுக்கப்புறம் 2023 வரைக்கும் ஏறலை. அரிசி விலை அப்படி நின்னுச்சா? சங்கம் பேசினவங்க எங்க இருக்காங்கன்னு இங்க எழுத முடியாது.

மருமகன் அண்ணா, 60 மிஷின்ல உக்காரப்போறவங்களுக்கு என்ன கூலின்னு உங்க பதிவுல ஒரு வார்த்தைகூட இல்லையே.

மோல்மீன்_மருமகன்

தங்கச்சி, வெக்கமாத்தான் இருக்கு. எழுதலை, ஏன்னா நாங்க பேசவே இல்லை.

நேத்து ராத்திரி மச்சானை உக்கார வச்சு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். ஒரு சென்ட், 72 சென்ட் கணக்குல கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அவரே கேட்டார்: "அந்த 72 எவ்வளவு நாளைக்கு?"

சிரியம்_அக்கா

சரியான கேள்வி. யாரும் தேதி தரமாட்டாங்க.

பிடுங்க மூணு வழி இருக்கு. பிரஸ்ஸல்ஸ் 1997 மாதிரி திரும்பப் பண்ணலாம், இதுவரை பண்ணலை. ரெண்டாவது, பர்மா பின்தங்கிய பட்டியல்ல இருந்து மேல ஏறலாம். 2018லயே ஏறத் தகுதின்னாங்க, 2021லயும் 2024லயும் தள்ளிப் போட்டாங்க. ஏறினா இந்தச் சுழி வரி, தோற்ற விதி, ஏற்றுமதி மானிய விலக்கு மூணும் ஒவ்வொண்ணா கழண்டுக்கும். வங்காளதேசம் இதை நினைச்சுத்தான் தூங்காம கிடக்கு. மூணாவது, இந்தியாவே ஐரோப்பாவோட வர்த்தக ஒப்பந்தத்துக்கு 2022ல மறுபடி பேச ஆரம்பிச்சுது. அது நடைமுறைக்கு வந்து திருப்பூர் பனியனுக்கும் வரி போச்சுன்னா, மச்சான் எதுக்குக் கடல் தாண்டணும்?

பணம் வர்ற வழியையும் சொல்லிடறேன். 2022 அக்டோபர்ல இருந்து நாம நிதிக் கண்காணிப்புக் கறுப்புப் பட்டியல்ல. பேங்க் மூலமா வர்ற ஒவ்வொரு பணத்துக்கும் வெளிநாட்டு பேங்க் பத்துக் கேள்வி கேக்கும். உளுந்துக்காரங்களுக்கு ரூபாய்க் கணக்கு வழி இருக்கு, யூரோவுக்கு அப்படி இல்லை.

சட்டம்_பேசுறவன்

அக்கா, திருத்தினதுக்கு நன்றி. அந்த விலக்கை நான் கவனிக்கலை. ஒரு யோசனை: மச்சான் 35 சதவீதத்துக்குள்ள பங்கு வச்சா, 2018 ஆகஸ்ட்ல நடைமுறைக்கு வந்த கம்பெனிச் சட்டப்படி அது உள்நாட்டுக் கம்பெனிதான். நிலக் குத்தகைத் தலைவலி இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு முதலீட்டு ஆணையத்து அனுமதி இல்லாம ஒரு வருஷத்துக்கு மேல குத்தகை கிடையாது, அனுமதி இருந்தா 50, அப்புறம் 10, 10.

கணக்குப்பிள்ளை

இது நல்ல யோசனை. ஆனா பெரும்பங்கு அப்ப மருமகன் தலையில. தம்பி, அம்மா குடியுரிமைக் கார்டு என்ன கலர்? முழுக் குடிமக்களுக்குத் தர்ற ரோஸா, இல்லை அதுக்குக் கீழ் வகைப் பச்சையா, நீலமா? கிடங்குப் பத்திரத்துல இருக்கிற பேரும் கார்டுல இருக்கிற பேரும் ஒண்ணா? நம்ம ஆளுகளுக்குப் பத்திரத்துல ஒரு தமிழ்ப் பேர், கார்டுல ஒரு பர்மாப் பேர்.

மோல்மீன்_மருமகன்

பச்சை. பத்திரத்துல தாத்தா பேரே இன்னும் மாத்தலை.

முகல்தெரு

அதுதானே பார்த்தேன்.

மோல்மீன்_மருமகன்

மச்சான் இன்னைக்குக் காலையில கிளம்பிட்டார். புத்தகத்தை மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டார், மறந்தாரா வேணும்னே விட்டாரா தெரியலை. முடிவா சொன்னது: பாக்டரி இப்ப வேணாம். லைங்தாயாவுல ஓடிக்கிட்டிருக்கிற ஒரு சின்ன யூனிட்ல 2000 பீஸ் கூலிக்குக் கொடுத்துப் பார்ப்போம், சரக்கு போய்ப் பணம் திரும்ப எத்தனை நாள் ஆகுதுன்னு எண்ணுவோம். அந்த யூனிட்ல என்ன கூலி தர்றாங்கன்னு நானே போய்க் கேக்கறேன், தங்கச்சி. கேட்டு இங்க எழுதறேன்.

லைன்லீடர்_மக

ஓனர்கிட்ட கேக்காதீங்க அண்ணா. வாசல்ல மொய்ங்கா விக்கிற அக்காகிட்ட கேளுங்க. சம்பள நாளைக்கு யார் கடனை அடைச்சாங்க, யார் அடைக்கலைன்னு அவங்களுக்குத் தெரியும்.

பேயின்னாவுங்_மண்டி

மருமகன் தம்பி, அந்தப் பெகு கிடங்கு கூரை ஒழுகுதா? தரை சிமெண்டா? 4000 மூட்டை உளுந்து போட இடம் தேடிட்டிருக்கேன். ஒப்பந்தம் 2025-26 வரைக்கும்தான், அதுக்கப்புறம் டெல்லி என்ன சொல்லுதோ தெரியாது. வாடகை மாசாமாசம் பேசிக்கலாம், வருஷக் கணக்கு வேணாம்.

மோல்மீன்_மருமகன்

சிமெண்ட் தரைதான் அண்ணே. மேற்கு மூலையில ஒரு தகடு மாத்தணும். ஞாயித்துக்கிழமை சாவி எடுத்துட்டு வர்றேன்.